டோரண்ட்: எடுக்கும்போதே கொடுக்கவும் செய்கிறோம்

பிள்ளைகளின் கணினியில் 'டோரண்ட்' என்ற சொல்லைக் கண்டாலே பல பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். திருட்டு சினிமாவோடு சேர்ந்தே அந்தப் பெயரைக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் டெபியன், உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் மென்பொருள்களும், இன்டர்நெட் ஆர்க்கைவ் நூலகத்தின் பழைய நூல்களும் இதே வழியில் முறையாகவே கிடைக்கின்றன. கருவியைக் குறை சொல்வதைவிட அதைப் புரிந்துகொள்வது நல்லது.

எப்படி இயங்குகிறது?

கத்தம் ஓதும்போது 30 ஜுஸ்வுகளையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்கிறோம். தனியாக ஓதினால் பல நாள் ஆகும்; கூடி ஓதினால் ஒரே அமர்வில் நிறைகிறது. 2001-ல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட் முறையும் ஏறக்குறைய இதுதான். ஒரு கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, அத்துண்டுகளை வைத்திருக்கும் பலரிடமிருந்து ஒரே நேரத்தில் வாங்குகிறோம். ஒவ்வொரு துண்டும் சரிதானா என்று கணினியே சோதிக்கும். பழுதான துண்டை மட்டும் மீண்டும் வாங்கிக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு துண்டு வந்து சேர்ந்ததுமே, நம் கணினி அதைப் பிறருக்குக் கொடுக்கவும் தொடங்கிவிடுகிறது. டோரண்டில் வாங்குபவரே வினியோகிப்பவரும் ஆகிறார்.

கட்டளை வரியில் கையாள்வது

இதற்கு 'ஆரியா2' என்ற இலவச மென்பொருள் போதும். விளம்பரத் தொல்லை இல்லை. பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் வழியாகவும் ஓடும். கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறோம். 'ஆரியா2சி' என்று தட்டி, இடைவெளி விட்டு, டோரண்ட் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பதிவிறக்கம் தொடங்கும். கீழ்க்காணும் சொற்களை, முன்னால் இரண்டு சிறு கோடுகள் இட்டு, இடையில் சேர்க்கலாம்.

'ஷோ-ஃபைல்ஸ்': உள்ளே என்னென்ன கோப்புகள் உள்ளன என்று எண்ணிட்டுக் காட்டும். இறக்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

'செலக்ட்-ஃபைல்': சமக்குறி போட்டு எண்ணைக் கொடுத்தால், வேண்டிய கோப்பு மட்டும் இறங்கும்.

'மேக்ஸ்-அப்லோட்-லிமிட்': நம்மிடமிருந்து வெளியே போகும் வேகத்துக்கு வரம்பு வைக்கும்.

'சீட்-டைம்': இதற்குப் பூஜ்யம் கொடுத்தால், பதிவிறக்கம் முடிந்ததும் பகிர்வும் நின்றுவிடும். நாம் எதுவும் சொல்லாவிட்டால், வாங்கிய அளவுக்குத் திருப்பிக் கொடுக்கும் வரை ஆரியா2 பகிர்ந்துகொண்டே இருக்கும். 700 எம்பி இறக்கினால் இன்னொரு 700 எம்பி வெளியே போகும். தினசரி டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது பெரிய அளவு.

நடுவில் மின்சாரமோ சிக்னலோ போனால் கவலை வேண்டாம். அதே இடத்தில் அதே கட்டளையை மீண்டும் கொடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எதை இறக்கலாம்?

நம் கடற்கரையின் இரு பெரியவர்களை எடுத்துக்கொள்வோம். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) 'ஃபத்ஹுத் தய்யான்' முதலான அரபுத்தமிழ் நூல்களை எழுதினார்கள். ராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் 2015 ஜூலை 27-ல் மறைந்தார்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, நூலாசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உரிமை தொடரும். ஆலிம் அவர்களின் மூல நூல்களுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, யாரும் பகிரலாம். ஆனால் அவற்றுக்குப் பிற்காலத்தவர் எழுதிய மொழிபெயர்ப்புக்கும் உரைக்கும் தனி உரிமை இருக்கலாம். கலாம் அவர்களின் நூல்களுக்கோ குறைந்தது 2075 வரை உரிமை உண்டு. உரிமையாளர் அனுமதியின்றி அவற்றை டோரண்டில் இறக்குவது, பிறருக்கு வினியோகிப்பதும் ஆகும். தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. புதிய சினிமாவுக்கும் விலைகொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளுக்கும் இது பொருந்தும்.

மார்க்கத்தின் பார்வையிலும் இது பிறர் ஹக்குதான். 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்க உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. "காசுக்கு விற்கவில்லையே, சும்மா பார்க்கத்தானே" என்பது சமாதானம் ஆகாது.

நாம் செய்யக்கூடியது

அரபுத்தமிழை வாசிப்பவர்கள் குறைந்து வருகிறார்கள். வீட்டு அலமாரிகளில் இருக்கும் பழைய அச்சுப் பிரதிகளுக்கு உப்புக் காற்றும் கரையானும் எதிரிகள். உரிமைக்காலம் முடிந்த ஒரு கிதாபை ஸ்கேன் செய்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினால், அதற்கான டோரண்ட் கோப்பை அத்தளமே உருவாக்கித் தரும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று பத்து வீடுகளில் அதன் பிரதி பகிர்வில் இருந்தால், ஒரு வீட்டுப் பிரதி அழிந்தாலும் கிதாபு அழியாது.

இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு இக்கட்டளைகளைக் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் முன் "இதைப் பிறருக்குக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா?" என்று கேட்கவும் சேர்த்தே பழக்குங்கள்.