நிலமும் ஒரு பருவம் இளைப்பாறட்டும்

கடலூரிலிருந்து திருவந்திபுரம் செல்லும் சாலையில் முகூர்த்த நாட்களில் பஸ் நகர்வதே கஷ்டம். தேவநாத சுவாமி கோயிலில் அவ்வளவு திருமணங்கள் நடக்கும். ஆடி பிறந்துவிட்டால் அந்தக் கூட்டம் ஓய்ந்துவிடும். கல்யாண மேளத்திற்குக்கூட ஒரு மாதம் ஓய்வு உண்டு. கெடிலக் கரையில் போர் போட்டிருக்கும் வயல்களில் பலவற்றுக்கு அந்த ஓய்வும் கிடையாது. நவரை அறுத்த தாள் காயுமுன்பே சொர்ணவாரிக்குத் தண்ணீர் பாய்கிறது. சொர்ணவாரி அறுத்த கையோடு சம்பாவுக்குச் சேறு கலக்குகிறார்கள்.

இப்படிச் செய்யச் சொன்னவர்களில் நானும் ஒருவன். 'ஒரு சென்ட் நிலமும் சும்மா கிடக்கக் கூடாது' என்று எத்தனையோ கிராமங்களில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். ஐந்து, ஆறு மாதச் சம்பா ஒன்றையே நம்பியிருந்த நிலத்தில் 105 நாள், 110 நாள் ரகங்கள் வந்த பிறகு அப்படிப் பேசுவது இயல்பாகவே இருந்தது. ஆனால் என் பேச்சைக் கேட்டு ஆறு ஆண்டுகள் விடாமல் மூன்று போகமும் நெல்லே வைத்த ஒரு சிறு விவசாயி, ஒருநாள் என்னைத் தம் வயலுக்கு அழைத்துப் போனார். யூரியா மூட்டை கூடியிருந்தது. நெல் மூட்டை குறைந்திருந்தது. நட்ட மூன்றாம் வாரத்திலேயே இலைகளில் துருப் பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள். "சார், இன்னும் என்னத்தைப் போடணும்?" என்று கேட்டார். துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ என்று எழுதிக் கொடுத்தேன். புள்ளி மறைந்தது. மகசூல் பழைய நிலைக்கு வரவில்லை. அவர் கேட்டதற்கு நான் பாதிப் பதில்தான் சொல்லியிருந்தேன்.

மீதிப் பதில் பிலிப்பைன்ஸ் நாட்டில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஒரு வயலில் இருக்கிறது. அங்கே 1960களில் தொடங்கி, ஆண்டுக்கு மூன்று போகம் நெல்லை விடாமல் பயிரிட்டுச் சோதித்து வருகிறார்கள். நல்ல ரகம், வேண்டிய உரம், வேண்டிய தண்ணீர், பயிர்ப் பாதுகாப்பு எதிலும் குறை வைக்கவில்லை. அப்படியிருந்தும் 1970, 80களில் மகசூல் படிப்படியாக இறங்கியது. மண்ணைச் சோதித்தபோது ஒரு விந்தை தெரிந்தது. மண்ணில் இருந்த மொத்தத் தழைச்சத்து குறையவே இல்லை. பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்துதான் குறைந்திருந்தது. பெட்டியில் பணம் இருந்தது, சாவி இல்லை. 1993-94இல் வயலைக் காயவிட்டார்கள். தழைச்சத்து இடும் அளவையும் காலத்தையும் மாற்றினார்கள். மகசூல் மீண்டும் ஏறியது. ஓய்வு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். உரம் இட்ட முறைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் காற்றுப் பட்டதும் மண் மாறியது என்பதை மறுக்க முடியாது.

காரணம் எளிது. எந்நேரமும் நீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. புதைந்த தாளும் வேரும் அரைகுறையாக மக்கி, சத்தைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. துத்தநாகமும் பயிருக்கு எட்டாமல் போகிறது. மண் காய்ந்து வெடித்துக் காற்றோட்டம் கிடைத்தால்தான் நுண்ணுயிர்கள் அந்தப் பிடியை அவிழ்க்கும்.

உடனே, "சரி, இந்த வருஷம் தரிசு போட்டுவிடுகிறேன்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். களை மண்டி விதை உதிர்க்கும் தரிசு, நிலத்திற்கு ஓய்வல்ல, கோரைக்குக் கொண்டாட்டம். நவரை அறுத்ததும் சித்திரையில் ஒரு மழை விழுந்தால் கோடை உழவு போடுங்கள். கோரைக் கிழங்கும் அருகு வேரும் வெயிலில் காயும். புழுக்களின் கூடுகள் மேலே வந்து காக்கைக்கும் மைனாவுக்கும் இரையாகும். வைகாசிக் கடைசியில் அல்லது ஆனியில் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதையுங்கள். 45 நாளில், பூ எடுக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், நன்றாக வளர்ந்த பயிர் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் பசுந்தழை தரும். அதன்மேல் சம்பா நடலாம். ஆடுமாடு மேய்ச்சலுக்குப் பயப்படுகிறவர்கள் கொழுஞ்சியைப் பாருங்கள். மாடு அதைத் தொடாது. ஒருமுறை விதைத்தால் உதிர்ந்த விதையிலிருந்து மறு வருஷமும் தானே முளைக்கும்.

இதில் விட்டுக்கொடுப்பது சொர்ணவாரி ஒன்றுதான். அதுவும் முழு நிலத்திலும் அல்ல. மூன்று ஏக்கர் உள்ளவர் ஆண்டுக்கு ஓர் ஏக்கர் என்று சுற்றி வந்தால் போதும். அந்த ஓர் ஏக்கர் நெல்லும் வீட்டுக்கு வேண்டும் என்கிற குடும்பங்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். குத்தகைக்காரர் நிலை இன்னும் கடினம். நிலம் ஓய்ந்தாலும் குத்தகை ஓயாது. தேறிய மண் அடுத்த வருஷம் வேறொருவர் கைக்குப் போய்விடலாம். அவர்களிடம் தழையை மடக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் சொர்ணவாரி நெல்லுக்குப் பதில் அந்த இடத்தில் எள்ளோ உளுந்தோ போடலாம். நீர் தேங்காத ஒரு பருவமே மண்ணுக்குப் பாதி ஓய்வு.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிதல்ல. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரத்தில் ஆடுதுறை 3 உளுந்தைத் தெளித்துவிடுகிறார்கள். மறு தண்ணீர் இல்லை, உழவு இல்லை; 70 நாளில் உளுந்து வீட்டுக்கு, வேர்முடிச்சு மண்ணுக்கு.

கரும்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கோ.சி. 671 ரகம் சர்க்கரைச் சத்தில் பெயர் பெற்றது, செவ்வழுகலுக்கு எளிதில் இரையானது. நோய் கண்ட வயலில் மறுதாம்பு விட்டவர்கள் நோயையே வளர்த்தார்கள். செவ்வழுகல் தெரிந்தால் அந்தத் தூரை அப்புறப்படுத்தி எரித்து, வயலில் ஒரு போகம் நெல் வைத்த பிறகே கரும்பு நினைக்க வேண்டும். நெல் வயலுக்கு ஓய்வு என்றால் காய்ச்சல். நோய் கண்ட கரும்பு வயலுக்கு நீர் நிற்பதே ஓய்வு. ஒரே மருந்து எல்லா நிலத்துக்கும் பொருந்தாது.

உழவு மாட்டை நாம் மாட்டுப் பொங்கலன்று நுகத்தில் பூட்டுவதில்லை. டிராக்டருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது; ராத்திரியும் விளக்குப் போட்டு உழுகிறது. மூன்றாம் போகத்தை விட்ட பிறகு அந்த விவசாயியின் மனைவி ஒரு விஷயம் சொன்னார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஆனி மாதம் தாய் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வந்தாராம். அதை எந்த மகசூல் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தக்கைப்பூண்டு விதை ஆனியில் தேடினால் கிடைப்பது அரிது. சித்திரையிலேயே உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு வையுங்கள். முதல் வருஷம் அரை ஏக்கரில் மட்டும் விதைத்து, ஒரு மூலையைக் காயாக விட்டுவிடுங்கள். அங்கே முற்றும் விதை அடுத்த ஆண்டுக்கு ஆகும்.