பேட்மேனுக்கும் சூப்பர்மேனுக்கும் மூத்த அண்ணன்கள்!

பேட்மேன், சூப்பர்மேன் பெயரைக் கேட்டாலே வீட்டுக் குட்டீஸ் துள்ளிக் குதிக்கும். அந்த இருவருக்கும் முன்னோடிகளாக இருந்த ஹீரோக்களைப் பற்றி பெரியவர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது.

1930-களில் பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்காவே திண்டாடிக்கொண்டிருந்தது. அப்போது 10 சென்ட் கொடுத்தால் ஒரு முழு நாவலே படிக்கலாம். மரக்கூழில் செய்த மட்டமான தாளில் அச்சானதால், அந்தப் பத்திரிகைகளுக்கு ‘பல்ப்’ என்று பெயர்.

ரேடியோவில் பிறந்தவர்

‘ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித்’ நிறுவனம் தன் துப்பறியும் பத்திரிகைக்கு விளம்பரமாக 1930-ல் ரேடியோ நிகழ்ச்சி நடத்தியது. அதில் கதை சொன்ன மர்மக் குரலின் பெயர், ‘தி ஷேடோ’. கேட்டவர்களோ கடைக்குப் போய், “அந்த ஷேடோ புத்தகம் கொடுங்க” என்றார்கள். இல்லாத புத்தகத்துக்குக் கிராக்கி! 1931-ல் அதைத் தொடங்கியே விட்டார்கள். 1933-ல் டாக்டர், விஞ்ஞானி, பலசாலி என எல்லாமுமான ‘டாக் சாவேஜ்’ வந்தார்.

1939-ல் வெளியான முதல் பேட்மேன் கதையே, ஒரு ஷேடோ நாவலைத் தழுவியதுதான். டாக் சாவேஜின் இயற்பெயர் கிளார்க். வடதுருவப் பகுதியில் அவருக்கு ‘தனிமைக் கோட்டை’ என்றொரு ரகசிய இடமும் உண்டு. சூப்பர்மேன் ரசிகர்களுக்கு இந்த இரண்டும் எங்கேயோ கேட்டது போல இருக்குமே!

அட்டையில் யார் பெயர்?

ஷேடோ நாவல்களில் ‘மேக்ஸ்வெல் கிரான்ட்’ என்றும், டாக் சாவேஜ் நாவல்களில் ‘கென்னத் ராப்சன்’ என்றும் இருக்கும். இரண்டுமே பதிப்பகம் வைத்த புனைபெயர்கள். ஷேடோ வரிசையின் 325 நாவல்களில் 280-க்கும் மேல் எழுதியவர், மேஜிக் நிபுணரான வால்டர் கிப்சன். டாக் சாவேஜின் 181 நாவல்களில் பெரும்பாலானவை லெஸ்டர் டென்ட் எழுதியவை. உழைப்பு அவர்களுடையது, புகழ் இல்லாத ஆட்களுக்குப் போனது.

பாக்கெட் நாவல், காமிக்ஸ், டி.வி. எனப் போட்டி பெருக, 1949-ல் இரண்டு பத்திரிகைகளும் நின்றன. 1964-ல் ‘பேன்டம்’ பதிப்பகம், ஜேம்ஸ் பாமா வரைந்த அட்டைகளோடு டாக் சாவேஜை மறுபடி கொண்டுவந்தது. கிழிந்த சட்டையோடு நிற்கும் அந்த ஹீரோவின் நாவல்கள் லட்சக்கணக்கில் விற்றன. அதைப் பார்க்க லெஸ்டர் டென்ட் இல்லை, 1959-லேயே இறந்துவிட்டார். அட்டையிலும் பழைய புனைபெயர்தான்.

2006-ல் ஆந்தனி டோலின் தொடங்கிய மறுபதிப்பு வரிசையில் நிலைமை மாறியது. பெரும்பாலும் ஒரே புத்தகத்தில் இரண்டு நாவல்கள், பழைய ஓவியங்கள், கதை பிறந்த கதை... கூடவே, எழுதியவர்களின் நிஜப் பெயர்கள்!

டென்ட் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து வில் முர்ரே 1991 முதல் புதிய டாக் சாவேஜ் நாவல்களும் எழுதினார். 2021-ல் பிரபல எழுத்தாளர் ஜேம்ஸ் பேட்டர்சன் இன்னொருவருடன் சேர்ந்து, ஷேடோவை எதிர்கால நியூயார்க்குக்கே அனுப்பிவைத்தார்.

ஆங்கிலத்தில் படிக்க ஆசையா? ஷேடோவுக்கு ‘தி லிவிங் ஷேடோ’, டாக் சாவேஜுக்கு ‘தி மேன் ஆஃப் பிரான்ஸ்’. இரண்டுமே அவரவரின் முதல் கதை. முதல் பக்கத்தைப் புரட்டும்போது, கிப்சனையும் டென்ட்டையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.