தாடியும் குளிரும்

கல்கத்தாவில் மார்கழி பிறந்ததும் பவானிபூர்த் தெருக்களில் இருவகைக் கோலங்களைக் காண்கிறோம். வங்காள அன்பர்கள் தலை, செவி, கழுத்து மூன்றையும் ஒருங்கே மூடும் குரங்குக் குல்லாயை அணிந்து காலையில் கடைவீதிக்குப் புறப்படுகின்றனர். கார்த்திகை முதல் தேதியில் ஐயப்பனுக்கு மாலையணிந்த நம் தமிழ் அன்பர்களோ, ஒரு மாதத் தாடியுடன் காட்சியளிக்கின்றனர். "இந்தத் தாடி இருக்கும்போது குல்லாய் எதற்கு?" என்று இவர்கள் அவர்களைக் கேட்பதும் உண்டு.

இது வேடிக்கைப் பேச்சாகவே நின்றிருக்கும். ஆனால் சென்ற குளிர்காலத்தில் நம் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் இதே கேள்வியைக் கவலையோடு நம்மிடம் கேட்டார். அவருடைய மகன் லடாக்கில் சாலை அமைக்கும் பணியில் இருக்கிறான். அவனுக்காக அம்மையார் கம்பளிக் குல்லாய் ஒன்று பின்னிக்கொண்டிருந்தார். "எனக்குத் தாடி அடர்த்தியாக வளர்ந்துவிட்டது, குல்லாய் அனுப்ப வேண்டாம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டானாம். "தாடி போதுமா, சார்? நான் பின்னுவதை நிறுத்திவிடலாமா?" என்றார் அவர். அவருக்கு நாம் அளித்த விடையையே இங்கே சற்று விரித்துக் கூறுகிறோம்.

முதலில், ரோமம் எவ்வாறு குளிரைத் தடுக்கிறது என்பதைக் காண்போம். ரோமத்துக்குத் தானாக வெப்பம் உண்டாக்கும் ஆற்றல் இல்லை. ரோமங்களுக்கு இடையே அசையாது தங்கும் காற்றே உண்மையான போர்வை. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். கம்பளியும் பஞ்சு மெத்தையும் நமக்குக் கதகதப்பளிப்பது இந்தக் காரணத்தாலேயே. இமயமலையில் வாழும் கவரிமாவைப் பாருங்கள். அதற்கு வெளியே நீண்ட முரட்டு ரோமமும், அதற்கடியில் மெல்லிய, நெருக்கமான உள்ரோமமும் உண்டு. காற்றைச் சிறைப்படுத்தி வைப்பது அந்த உள்ரோமமே. மனிதனுடைய தாடியில் உள்ரோமம் கிடையாது. தாடி ரோமம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வளரும். ஒரு மண்டலமாகிய 41 நாட்களில் அது ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீண்டிருக்கும். அவ்வளவு தாடி முகத்தில் வீசும் காற்றின் வேகத்தை ஓரளவு தணிக்கும். சிறிது காற்றைத் தேக்கியும் வைக்கும். எனவே தாடியால் பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அப்பயன் கம்பளித் துணி தருவதற்கு ஈடாகாது.

குளிரைத் தாங்குவதற்காகவே இயற்கை ஆணுக்குத் தாடியை அளித்தது என்று சிலர் கருதுவர். அது உண்மையானால் பெண்களும் குழந்தைகளும் ஏன் அப்பேறு பெறவில்லை என்ற வினா எழும். மேலும், வட துருவத்தை அடுத்து வாழும் எஸ்கிமோ மக்களுக்குத் தாடி அடர்த்தியாக வளர்வதில்லை. அவர்கள் தோலாடைகளாலேயே கடுங்குளிரை வென்று வந்திருக்கின்றனர். தாடி பால்வழித் தேர்வினால் தோன்றிய அலங்காரம் என்று சார்லஸ் டார்வின் 1871-ல் வெளியிட்ட மனிதனின் மரபு பற்றிய நூலில் விளக்கினார்.

தாடி, குளிர் என்றதும் பவானிபூர்வாசிகளுக்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சி நினைவுக்கு வரும். எல்ஜின் சாலை இன்று லாலா லஜபதி ராய் சரணி என்று வழங்குகிறது. அங்குள்ள இல்லத்தில்தான் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போலீஸ் காவலுக்குள் இருந்தார். சிறையில் உண்ணாவிரதம் மேற்கொண்டதனால் 1940 டிசம்பர் 5-ஆம் தேதி அவர் விடுதலை செய்யப்பட்டார். அடுத்த ஆறு வாரங்களில் தாடி வளர்த்தார். 1941 ஜனவரி 16-ஆம் தேதி நள்ளிரவு கடந்த பின், முகம்மது ஜியாவுத்தீன் என்ற பெயரில் அவர் வீட்டை விட்டு வெளியேறினார். தமையனாரின் மகன் சிசிர் குமார் போஸ் அவரைக் காரில் கொண்டுசென்று கோமோ ரயில் நிலையத்தில் சேர்த்தார். அங்கிருந்து டெல்லி, பெஷாவர் வழியாக எல்லை கடந்து, நடுக்குளிர்காலத்தில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள காபூலை அடைந்தார். அன்று அவரைச் சுமந்து சென்ற கார் இன்றும் அந்த இல்லத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தாடி செய்த பணி முகத்தை மறைத்தது. காபூல் குளிரில் அங்குள்ள மக்கள் நம்புவது தலைப்பாகையையும் கம்பளியையுமே. அவர்களில் தாடி வைத்திருப்போரும் அவற்றைக் கைவிடுவதில்லை.

இனி, தாடியால் தீங்கும் விளையக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டும். நாம் வெளியிடும் மூச்சில் நீராவி கலந்திருக்கிறது. உறைநிலைக்குக் கீழான குளிரில் அது மீசையிலும் தாடியிலும் படிந்து பனிக்கட்டியாகிவிடும். நீர், அசையாத காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 24 மடங்கும், பனிக்கட்டி ஏறத்தாழ 90 மடங்கும் வெப்பத்தை எளிதில் கடத்தும். ஆகவே நனைந்த தாடி போர்வையாகப் பயன்படாது. வட துருவப் பகுதியில் பல ஆண்டுகள் சுற்றிய வில்யால்மர் ஸ்டெஃபான்சன், அங்குச் செல்வோர் முகச்சவரம் செய்துகொள்வதே நலம் என்று கருதினார். அவர் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. தாடியில் உறைந்த பனி முகத்தின்மேல் ஒரு கவசம்போல் இறுகிவிடுகிறது. கன்னமோ மோவாயோ உறையத் தொடங்கினால், உள்ளங்கையை வைத்துச் சூடேற்ற அக்கவசம் இடங்கொடுப்பதில்லை.

இவ்விடத்தில் காற்றின் ஆற்றலையும் மறத்தலாகாது. அமெரிக்க அறிஞர்கள் சைப்பிள், பாசெல் என்னும் இருவர் தென் துருவக் கண்டத்தில் ஒரு சோதனை நடத்தினர். உருளை வடிவான சிறு கலத்தில் நீரை நிரப்பி, வெவ்வேறு காற்று வேகத்தில் அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, முடிவுகளை 1945-ல் வெளியிட்டனர். காற்றின் வேகம் மிக மிக, உடல் வெப்பம் இழக்கும் வேகமும் மிகும் என்பதை எண்களால் காட்டிய முயற்சி அது. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் சுழியத்துக்குக் கீழே 28 டிகிரி செல்சியஸை எட்டினால், மூடப்படாத தோல் அரைமணி நேரத்துக்குள் உறைந்துபோகக்கூடும். முதலில் உறைபவை பெரும்பாலும் மூக்கு நுனி, செவி மடல், கன்ன எலும்பின் மேற்பகுதி ஆகியவை. தாடி இவற்றில் எதையும் மூடுவதில்லை. தாடி மூடும் மோவாயிலோ, தோல் வெளுத்து மரத்துப்போவதை உடன் இருப்பவர் கண்டு எச்சரிக்க முடியாது.

அவ்வாறு முகத்தில் எங்கேனும் வெளுத்து உணர்விழந்தால் உடனே காற்றில்லாத இடத்துக்குச் செல்க. வெதுவெதுப்பான உள்ளங்கையை அவ்விடத்தில் அழுந்தத் தேய்க்காமல் வைத்திருக்க வேண்டும். பனியைக் கொண்டு தேய்ப்பதும், நெருப்பருகே காட்டுவதும் தீங்கு தரும். வெண்மையும் மரப்பும் நீங்காவிடில் மருத்துவரை நாடுவதே முறை.

தாடிக்குச் சாதகமாகவும் இரண்டு செய்திகள் உண்டு. புதிய பனி, சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரையில் திருப்பி வீசும். இமயமலை யாத்திரை செல்வோரின் முகம் கருகுவது அதனாலேயே. தாடி தான் மூடிய இடத்தில் அக்கதிர்களைப் பெருமளவு தடுக்கிறது. மற்றொன்று நம் அன்றாட வாழ்வைச் சேர்ந்தது. ஜனவரியில் சென்னையின் இரவு வெப்பநிலை 21 டிகிரி அளவில் நிற்க, கல்கத்தாவில் அது 14 டிகிரி வரையில் இறங்குகிறது, காற்றும் வறள்கிறது. தோல் உறையும் குளிரன்று இது. தோல் வெடிக்கும் குளிர். நாள்தோறும் சவரக் கத்தி தோலின் மெல்லிய மேற்படலத்தைச் சிறிது வழித்துவிடுவதால், காய்ந்த முகம் மேலும் எரிகிறது. தாடி வைத்திருப்போருக்கு இத்தொல்லை குறைவு. சவரம் செய்வோர் வெந்நீரால் முகத்தை நனைத்து, முடிந்தபின் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஊரில் உருகியே இருக்கும் அந்த எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால், புட்டியைக் காலை வெயிலில் வைக்க வேண்டியிருக்கும்!

ஆகவே விடை இது: கல்கத்தா, காசி போன்ற ஊர்களின் குளிருக்குத் தாடி ஒரு சிறு துணை. உறைபனி பெய்யும் இடங்களில் அதை மட்டும் நம்பலாகாது. அங்கே தாடி வைப்போர் அதைக் குட்டையாகவும் ஈரமின்றியும் வைத்துக்கொள்க. அதன்மேல் மூக்கையும் செவியையும் மூடும் கம்பளியை அணிக. கம்பளி மூச்சால் நனைந்தால் மாற்றிக்கொள்க. தாடி வைப்பதும் நீக்குவதும் அவரவர் விருப்பமும் நேர்த்தியும் பற்றியது. குல்லாய் அணிவது உயிர்க்காவல் பற்றியது.

இவற்றை நாம் சொல்லி முடித்ததும் அம்மையார் மறுமொழி ஏதும் கூறவில்லை. மடியிலிருந்த ஊசிகளை எடுத்து விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினார். தை முதல் வாரத்தில் இரண்டு குல்லாய்கள் லடாக்குக்குப் புறப்பட்டன. ஒன்று நனைந்தால் மாற்றிக்கொள்ள மற்றொன்று.