பிட்காயின் பேரேடு: தெரிவதும் தெரியாததும்

ஜெர்மனியின் சாக்சனி மாநில அதிகாரிகள் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தம்வசம் இருந்த சுமார் 50 ஆயிரம் பிட்காயின்களை விற்கத் தொடங்கினார்கள். மூவி2கே என்ற இணையதளத்தில் திரைப்படங்கள் சட்டவிரோதமாக வழங்கப்பட்டது தொடர்பான வழக்கில் அவை கைப்பற்றப்பட்டிருந்தன.

ஜூலை 12ஆம் தேதி முடிவடைந்த அந்த விற்பனையின் ஒவ்வொரு கட்டத்தையும் உலகெங்கும் உள்ள முதலீட்டாளர்கள் உடனுக்குடன் கவனித்துவந்தார்கள். பிட்காயின் பரிவர்த்தனைகள் அனைத்தும் பிளாக்செயின் எனப்படும் பொதுப் பேரேட்டில் பதிவாவதே இதற்குக் காரணம். சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய பதிவுகள் சேரும் இந்தப் பேரேட்டை எவரும் இலவசமாகப் பார்வையிடலாம்.

ஜூன் நடுப்பகுதியில் சுமார் 65 ஆயிரம் டாலராக இருந்த பிட்காயினின் விலை, ஜூலை 5ஆம் தேதி 54 ஆயிரம் டாலருக்கும் கீழே இறங்கியது. ஜெர்மனியின் விற்பனையே இதற்குக் காரணம் என்ற கருத்து சந்தையில் பரவலாக எழுந்தது.

ஆனால் அதே நாளில்தான், 2014இல் நொடித்துப்போன ஜப்பானிய பிட்காயின் சந்தையான மவுண்ட் காக்ஸ், வாடிக்கையாளர்களுக்கு நாணயங்களைத் திருப்பியளிக்கத் தொடங்கியது. விலைச் சரிவில் எதன் பங்கு எவ்வளவு என்பதைப் பேரேட்டைப் பார்த்து மட்டும் பிரித்தறிய முடியாது.

பேரேட்டின் எல்லைகள்

பேரேட்டில் முகவரியும் தொகையும் நேரமும் இருக்கும். உரிமையாளரின் பெயர் இருக்காது. பெயர்களை ஊகித்துச் சேர்ப்பவை தனியார் ஆய்வு நிறுவனங்களே. அந்த ஊகங்கள் பல சமயங்களில் சரியாக அமைகின்றன என்றாலும், அவை பேரேட்டின் பகுதியல்ல.

ஒரு சந்தையின் வாடிக்கையாளர்கள் தமக்குள் வாங்குவதும் விற்பதும் அச்சந்தையின் சொந்தக் கணக்குகளில் மட்டுமே பதிவாகின்றன. விலையைத் தீர்மானிக்கும் வர்த்தகத்தின் பெரும்பகுதி இவ்வாறு பொதுப் பேரேட்டுக்கு வெளியே நடைபெறுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாணயம் இடம் மாறுவது வேறு, விற்கப்படுவது வேறு. 2024 மே 28ஆம் தேதி மவுண்ட் காக்ஸுக்குச் சொந்தமான சுமார் ஒரு லட்சத்து 40 ஆயிரம் பிட்காயின்கள் புதிய முகவரிக்கு நகர்ந்தபோது விலை சரிந்தது. ஆனால் அன்று எதுவும் விற்கப்படவில்லை. திருப்பியளிப்பதற்கான முன்னேற்பாடாகவே அவை மாற்றப்பட்டிருந்தன.

நோக்கம் என்ன?

விலை மேலும் வீழும் என்று கருதித்தான் ஜெர்மனி விற்கிறதா என்ற கேள்விக்கும் பேரேட்டில் விடை இருக்கவில்லை. கைப்பற்றப்பட்ட சொத்தின் மதிப்பு 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறையும் அபாயம் இருந்தால், வழக்கு முடியும் முன்பே அதை விற்கவேண்டும் என்பது சட்டத்தின் கட்டாயம் என்று டிரெஸ்டன் அரச வழக்குத்தொடுநர்கள் விளக்கமளித்தார்கள். அதாவது, அந்த விற்பனை விலை குறித்த கணிப்பு அல்ல.

விற்பனை மூலம் சுமார் 264 கோடி யூரோ கிடைத்தது. அது முடிந்த சில நாட்களிலேயே விலை மீண்டும் 60 ஆயிரம் டாலரைக் கடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் முதன்முறையாக ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. ஜூலை மாத அச்சத்தில் விற்றவர்களுக்கு அந்த உயர்வில் பங்கு கிடைக்கவில்லை.

பெருந்தொகை ஒன்று நகர்ந்துள்ளது என்ற செய்தி வரும்போது, அது யாருடையது, எங்கே செல்கிறது, ஏன் செல்கிறது என்ற மூன்று கேள்விகள் எழுகின்றன. இரண்டாவது கேள்விக்குப் பேரேடு ஓரளவு பதிலளிக்கிறது. மற்ற இரண்டுக்குமான விடைகளை நீதிமன்ற ஆவணங்களிலும் அதிகாரபூர்வ அறிக்கைகளிலும்தான் தேட வேண்டியுள்ளது.