வீட்டுத் தையலும் வெதுப்புதலும்

வீட்டுத் தையலும் வெதுப்புதலும் என்பன, குடும்பத்தினர் தம் தேவைக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் வீட்டிலேயே செய்யும் இரு கைவேலைகளாகும். துணியை வெட்டி இணைத்து உடை, தலையணை உறை, பை, பொம்மை முதலியவற்றைச் செய்வது தையல். மாவைப் பிசைந்தோ கலக்கியோ ஓவனின் வறண்ட சூட்டில் வேகவைத்து ரொட்டி, கேக், பிஸ்கட் முதலியவற்றைச் செய்வது வெதுப்புதல். பேக்கரியைத் தமிழ்நாட்டில் அடுமனை என்றும், இலங்கையில் வெதுப்பகம் என்றும் எழுதுவது வழக்கம்.

ஒரு காலத்தில் வீட்டுத் தையல் கட்டாய வேலையாக இருந்தது. இன்று ஆயத்த ஆடையும் கடைக் கேக்கும் எளிதில் கிடைக்கின்றன. ஆகவே இவ்விரண்டையும் வீட்டில் செய்வோர் பெரும்பாலும் விரும்பியே செய்கின்றனர். ஆனாலும் அந்த விருப்பம் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் சுமையாக மாறிவிடுவதும் உண்டு.

வரலாறு

தையல் தமிழர்க்குப் பழைய தொழில். தைப்பவரைக் குறிக்கும் ‘துன்னகாரர்’ என்னும் சொல் சிலப்பதிகாரத்தில் இடம்பெறுகிறது. எனினும் வேட்டியும் சேலையும் தையலின்றி உடுத்தப்பட்டவை. வீடுதோறும் தையல் பரவியது இரவிக்கை, சட்டை, பாவாடை போன்ற தைத்த உடைகள் பொது வழக்கான பின்னரே.

19ஆம் நூற்றாண்டின் மிஷன் பள்ளிகள் இதில் பெரும் பங்காற்றின. யாழ்ப்பாணத்தில் 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பள்ளியில் படிப்போடு தையலும் கற்பிக்கப்பட்டது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் மிஷனரி பெண்மணி சிறுமிகளுக்குப் பின்னல்வேலை கற்பித்தார். அக்காலத்தில் தென் திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவியது. பின்னல்வேலையில் ஈட்டிய பணத்தைக் கொண்டு சில பெண்கள் தம் விடுதலையையே விலைகொடுத்துப் பெற்றனர். பொழுதுபோக்காகக் கருதப்படும் ஒரு கைவேலை வாழ்க்கையையே மாற்றியதற்கு இது சான்றாகும்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1924இல் ஜி. ராமச்சந்திரனுடன் நடந்த உரையாடலில், இயந்திரங்களைப் பொதுவாக ஐயுற்ற காந்தி, தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டே சிங்கர் அதனை உருவாக்கினார் என்று அவர் கருதினார். வரலாறு சற்று வேறு: பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில் பழுதுபார்க்க வந்த இயந்திரத்தைத் திருத்த முற்பட்டபோதே சிங்கரின் வடிவம் பிறந்தது. எனினும் காந்தி குறிப்பிட்ட உழைப்பு மிகையன்று. இயந்திரம் வருமுன் ஒரு சட்டையைத் தைக்கப் பல மணி நேரம் ஆகும். அவரோடு உரையாடிய ராமச்சந்திரன் பிற்காலத்தில் தம் மனைவி சௌந்தரத்துடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்.

தமிழர் சமையலில் அவித்தலும் பொரித்தலும் வறுத்தலுமே முதன்மையானவை. மூடிய அடுப்பில் வெதுப்பும் வழக்கம் ஐரோப்பியர் வழியாக வந்தது. இலங்கைத் தமிழில் ரொட்டியைக் குறிக்கும் ‘பாண்’ போர்த்துகீசியச் சொல்லே. ரவை, முந்திரி, பூசணித் தோசி, தேன், பன்னீர் ஆகியவை சேர்த்துச் செய்யும் ‘லவ் கேக்’ இலங்கையில் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுகளில் செய்யப்படும் பலகாரமாகும்.

வீட்டில் தையல்

தொடங்குவோர்க்கு இயந்திரம் தேவையில்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல், அளவு நாடா, சுண்ணக்கட்டி ஆகியவை போதும். நான்கு கைத்தையல்களைக் கற்றால் வீட்டுப் பழுதுகள் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யலாம்.

ஓட்டுத்தையல்: ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்வது. துணிகளைத் தற்காலிகமாக இணைக்க உதவும்.

பின்தையல்: ஒவ்வொரு முறையும் ஒரு தையல் பின்னே வந்து முன்னே செல்வது. பிரிந்த தையலை மூட இதுவே உறுதியானது.

ஓரத்தையல்: மடித்த ஓரம் பிரியாமல் பிடிப்பது. சேலைக்கு ஃபால்ஸ் வைக்கவும் பயன்படும்.

காஜாத் தையல்: பொத்தான் துளையின் விளிம்பைச் சுற்றி நூலால் கட்டுவது.

தையல் இயந்திரம் இரண்டு நூல்களால் தைக்கிறது. ஊசி வழியே வரும் மேல் நூல், அடியில் உள்ள பாபின் நூலைச் சுற்றிப் பூட்டிக்கொள்கிறது. இரு நூல்களின் இழுப்பும் சமமாக இருந்தால் முடிச்சு துணியின் நடுவில் மறையும். மேல் நூல் இறுகினால் பாபின் நூல் மேலே எட்டிப் பார்க்கும்; தளர்ந்தால் அடியில் நூல் சிக்கலாகும். புதிதாகத் தைப்போர் இயந்திரம் பழுது என்று எண்ணுவதில் பெரும்பகுதி இந்த இழுப்பு வேறுபாடே. நடுத்தரப் பருத்தித் துணிக்கு 14ஆம் எண் ஊசியும், மெல்லிய துணிக்கு 11ஆம் எண்ணும், தடித்த துணிக்கு 16ஆம் எண்ணும் ஏற்றவை.

பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும். ஆகவே வெட்டுமுன் நனைத்து உலர்த்திக்கொள்வது நல்லது. பழைய சேலை இதற்கு விதிவிலக்கு. பலமுறை துவைத்த அது இனிச் சுருங்காது. குழந்தைச் சட்டை, போர்வை, துணிப்பை ஆகியவற்றுக்குப் பாட்டியின் பழைய நூல் சேலை விரும்பப்படுவதற்கு நினைவோடு இதுவும் ஒரு காரணம். கிழிந்த துணிகளை அடுக்கி ஓட்டுத்தையலால் போர்வையாக்கும் மரபு வங்காளத்தில் ‘காந்தா’ என்றும், கர்நாடகத்தின் சித்தி மக்களிடம் ‘கவாந்தி’ என்றும் வழங்குகிறது.

வீட்டில் வெதுப்புதல்

மாவு உப்புவது காற்றாலும் வளிமத்தாலும் ஆகும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்கு அடிக்கும்போது நுண்ணிய காற்றுக் குமிழிகள் அகப்படுகின்றன. சமையல் சோடா, தயிர் அல்லது எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தோடு சேர்ந்து கரியமில வளிமத்தை வெளியிடுகிறது. பேக்கிங் பவுடரில் சோடாவும் அமிலப் பொருளும் சேர்ந்தே இருப்பதால் ஈரமும் சூடும் பட்டாலே போதும். ரொட்டியில் இதே வேலையை ஈஸ்ட் நொதித்துச் செய்கிறது. இட்லி மாவு பொங்குவதும் நொதித்தலால்தான். அங்கு பெரும்பங்கு பாக்டீரியாக்களுடையது.

மைதாவில் நீர் சேர்த்துப் பிசைந்தால் குளூட்டன் என்னும் மீள்தன்மை கொண்ட புரத வலை உருவாகிறது. ரொட்டிக்கு அது வேண்டும், கேக்குக்கு வேண்டாம். ஆகவேதான் ரொட்டி மாவை அழுத்திப் பிசைகிறோம், கேக் மாவை மெல்லக் கிளறி நிறுத்துகிறோம்.

எளிய வெண்ணெய்க் கேக்குக்கு மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் ஏறத்தாழ சம எடையில் இருத்தல் வேண்டும். ஒவ்வொன்றும் 250 கிராம் எனில் 5 நடுத்தர முட்டைகளும், 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் போதும். முன்னரே சூடாக்கிய ஓவனில் 180 பாகை செல்சியசில் 40 முதல் 50 நிமிடங்கள் வைக்கவேண்டும். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் வெந்தது எனலாம். முதல் அரைமணி நேரத்தில் கதவைத் திறந்தால், மாவு இறுகுமுன் சூடு குறைந்து நடுப்பகுதி அமிழ்ந்துவிடும்.

ஓவன் இல்லாத வீடுகளில், அடிகனமான பாத்திரத்தில் மணல் அல்லது உப்பைப் பரப்பி, மேலே தாங்கி வைத்து, மூடி, இளந்தீயில் வெதுப்புவர். குக்கரைப் பயன்படுத்தினால் மூடியின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிடவேண்டும்.

குடும்ப வாழ்வில்

இவ்வேலைகள் பிள்ளைகளுக்குக் கணக்கையும் அறிவியலையும் கைவழியே கற்பிக்கின்றன. பாவாடைச் சுற்றளவை அளக்கும் சிறுமி வட்டத்தையும், 250 கிராமைப் பாதியாக்கும் சிறுவன் பின்னத்தையும் பயில்கின்றனர். 5 வயதுக் குழந்தை மாவைச் சலிக்கலாம். பெரிய துளையுள்ள அட்டையில் நூல் கோக்கலாம். 8 அல்லது 9 வயதில் பெரியவர் அருகிருக்கப் பொத்தான் தைக்கலாம். ஓவனும் இயந்திரமும் பெரியவர் கண்காணிப்பிலேயே இயங்கவேண்டும். ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வைப்பது நல்ல பழக்கம்.

தவறு நேரினும் திருத்தக் கற்பிப்பது தையலின் சிறப்பு. பிரித்து மீண்டும் தைக்கலாம். வெதுப்புதலில் அவ்வாறு இயலாது. எனினும் அமிழ்ந்த கேக்கையும் உதிர்த்துக் கஸ்டர்டோடு உண்ணலாம். தம் தவறு வீணாகவில்லை என்று காணும் குழந்தை மறுமுறை முயலத் தயங்குவதில்லை.

‘தையல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் பெண் என்னும் பொருளும் உண்டு. ஆனால் கடைத்தெருவில் காசுக்குத் தைப்பவரும், பேக்கரியில் மாவு பிசைபவரும் பெரும்பாலும் ஆண்கள். கூலி கிடைக்கும் இடத்தில் ஆணின் தொழிலாகவும், கூலியில்லாத இடத்தில் பெண்ணின் கடமையாகவும் ஒரே வேலை மாறுவது கவனிக்கத்தக்கது. பண்டிகைக்கு முதல்நாள் இரவு அம்மா மட்டும் விழித்திருந்து தைத்தும் சுட்டும் முடிப்பாராயின், அது அவருக்குப் பொழுதுபோக்கு ஆகாது. அளப்பவர், வெட்டுபவர், சலிப்பவர், பாத்திரம் கழுவுபவர் என வேலை பகிரப்படும்போதே அது குடும்பத்தின் மகிழ்ச்சியாகிறது. மகனுக்கும் மகளுக்கும் ஒருசேரக் கற்பிப்பது அதற்குத் தொடக்கமாகும்.

வருவாய்

இக்கைவேலைகள் வருவாய்க்கும் வழியாகின்றன. தமிழ்நாடு அரசு, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் வழி, கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோர்க்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. வீட்டில் கேக் செய்து விற்போர், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். விலை குறிக்கும்போது பொருட்செலவோடு எரிபொருளையும் தம் உழைப்பு நேரத்தையும் கணக்கில் சேர்த்தல் அவசியம். பலர் கடைசியானதைச் சேர்க்க மறந்துவிடுவதால், நன்றாக விற்றும் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை.