‘ஸ்டார்’னு கேட்டா கிடைக்காத ஸ்க்ரூடிரைவர்

இன்னைக்கு ரொம்பச் சின்ன விஷயம்: ஒரு ஸ்க்ரூ.

கெட்டில் சூடாகல, கேம் கன்ட்ரோலர்ல பட்டன் சிக்குது. உள்ளே ஒரு ஒயர் விட்டிருக்கலாம், வெறும் தூசியாகவும் இருக்கலாம். ஆனா திருப்பிப் பார்த்தா, வீட்ல இருக்கிற எந்த ஸ்க்ரூடிரைவரும் அதுல உட்காராது. “சரி, புதுசு வாங்கிடலாம்”னு நிறையப் பேர் முடிவு பண்றது அந்த இடத்துலதான்.

முதல்ல ஸ்க்ரூவோட பேரைக் கண்டுபிடிங்க. ஆறு முனை நட்சத்திரம்னா டார்க்ஸ். நடுவுல சின்னக் குச்சி நின்னா செக்யூரிட்டி டார்க்ஸ்; எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்ல இருக்கிறது இதுதான், அளவு டி8. மூணு இறக்கைன்னா ட்ரை-விங், நின்டெண்டோ ஸ்விட்ச்ல பார்க்கலாம். அஞ்சு இதழ்னா பென்டலோப். ஆப்பிள் 2009-ல மேக்புக் ப்ரோ பேட்டரிக்குப் போட்டு, அப்புறம் ஐபோனுக்கும் கொண்டுவந்தாங்க. சில கெட்டில், பொம்மைகள்ல முக்கோணக் குழி இருக்கும்.

தாம்பரம் பக்கத்து ஹார்ட்வேர் கடையில “ஸ்டார்”னு கேட்டா, கூட்டல் குறி மாதிரி இருக்கிற சாதாரண ஃபிலிப்ஸைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. நம்ம ஊர்ல அதுக்குப் பேரே ஸ்டார். அதனால “டார்க்ஸ், டி8, முனையில ஓட்டை இருக்கணும்”னு கேளுங்க. ஸ்க்ரூவை ஒரு க்ளோசப் போட்டோ எடுத்துட்டுப் போனா இன்னும் நல்லது.

அங்க இல்லன்னா ரிச்சி ஸ்ட்ரீட். தாம்பரத்துல மின்சார ரயில் ஏறி கிண்டியில இறங்கி, மெட்ரோ மாறி அரசினர் தோட்டத்துல இறங்கினா நடக்கிற தூரம். மொபைல் சர்வீஸ் டூல்ஸ் விக்கிற கடைகள்ல கேளுங்க.

நூத்துக்கும் மேல பிட் இருக்கிற செட் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, இரும்பு: எஸ்2 ஸ்டீல்னு போட்டிருந்தா பரவாயில்ல. மலிவான இரும்பு முனை மழுங்கி, ஸ்க்ரூ தலையையும் தேய்ச்சுடும். அப்புறம் எந்த டூலும் பிடிக்காது. ரெண்டு, நீளம்: கெட்டில், கன்ட்ரோலர்ல ஸ்க்ரூ ஆழமான குழிக்குள்ள இருக்கும். குட்டை பிட்டைப் பிடிக்கிற தடிமனான கைப்பிடி உள்ளே போகாது. உங்களுக்குத் தேவை ஒரே அளவுதான்னா, செட்டை விட நீளமான ஒத்தை ஸ்க்ரூடிரைவர்தான் லாபம்.

ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கை வைக்கணும். மைக்ரோவேவை மட்டும் திறக்காதீங்க. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்ல உயிரை எடுக்கிற மின்சாரம் தேங்கி நிக்கலாம். வாரன்ட்டி இருந்தா முதல்ல சர்வீஸ் சென்டர்.

இது சில நூறு ரூபாய் விஷயம் மட்டும் இல்ல. காசு கொடுத்து வாங்கின பொருளைத் திறக்கிற உரிமை யாருக்குன்னு உலகம் முழுக்கவே பேச்சு நடக்குது. இந்தியாவுல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில இதுக்காக ஒரு குழு அமைச்சு, அதே டிசம்பர்ல ‘ரைட் டு ரிப்பேர்’ தளத்தைத் தொடங்கினாங்க. புதுசு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அதுல உங்க கம்பெனி பேரைத் தேடிப் பாருங்க.

உங்க வீட்ல திறக்காம கிடக்கிறது எது? போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.