யாரைப் பிடிக்கலாம், எங்கே பிடிக்கலாம்?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு கேள்வி வந்துச்சு. "ப்ரோ, அமெரிக்கன் ஃபுட்பால்ல டிஃபென்ஸ் லைன்மேன் வேலையே மல்லுக்கட்டுறதுதான். அவனுக்கு எப்படி ஹோல்டிங் பெனால்ட்டி குடுக்குறாங்க?" நல்ல கேள்வி. இதுக்கு பதில் கபடிக்குள்ளேயே இருக்கு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ல இதைக் கேட்டுட்டுப் போறவங்கள்ல வீக்கெண்ட் கபடி ஆடுறவங்க இருப்பீங்க. கடைசி வரைக்கும் கேளுங்க, விஷயம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல ஃபுட்பால். அங்க கேள்வி "யாரைப் பிடிக்கிற?" என்பதுதான். பந்து வெச்சிருக்கிறவரை டிஃபென்ஸ் கட்டிப் பிடிச்சு சாய்க்கலாம். பந்து இல்லாத ஆளைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது. லைன்மேனுக்கு எதிரே ஒரு பிளாக்கர் வர்றார். அவரைக் கையால தள்ளலாம், ஒதுக்கலாம், இழுத்து விட்டுட்டு பந்தை நோக்கி ஓடலாம். ஆனா சில லைன்மேன் என்ன பண்ணுவாங்கன்னா, பிளாக்கரோட ஜெர்சியைக் கொத்தாப் பிடிச்சு அங்கேயே நிறுத்திடுவாங்க. ஏன்? அந்த பிளாக்கர் அடுத்து பின்னாடி இருக்கிற லைன்பேக்கரைத் தடுக்கப் போகணும். அவர் போகலைன்னா லைன்பேக்கருக்கு முன்னாடி யாருமே இல்ல, நேரா வந்து டேக்கிள் பண்ணுவார். கைதட்டல் லைன்பேக்கருக்கு, திருட்டு வேலை முன்னாடி நின்னவருக்கு. ஃபீல்ட் கோல் உதைக்கும்போதும் இதே கதை நடக்கும். ஒருத்தர் பிளாக்கரை இழுத்து சந்து உண்டாக்குவார், இன்னொருத்தர் அதுல புகுந்து உதையைத் தடுக்கப் பார்ப்பார்.

இதுக்கு என்எஃப்எல்-ல தண்டனை 5 கெஜம், கூடவே ஆட்டோமேட்டிக் ஃபர்ஸ்ட் டவுன். 5 கெஜம்னா நாலரை மீட்டர்தான், சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா அந்த ஆட்டத்துல 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்புதான். மூணாவது வாய்ப்புல இன்னும் 15 கெஜம் பாக்கி, பாஸும் வீணாப் போச்சுன்னு வெச்சுக்கோங்க. டிஃபென்ஸ் ஜெயிச்ச மாதிரிதான். அந்த நேரத்துல ஒரு ஹோல்டிங் விழுந்தா எதிரணிக்கு மறுபடியும் 4 வாய்ப்பு. வலி 5 கெஜத்துல இல்ல, அந்தப் புது வாய்ப்புகள்ல இருக்கு.

இப்ப கபடிக்கு வருவோம். இங்க யாரைப் பிடிக்கணும்ங்கிற குழப்பமே கிடையாது. எதிரணிப் பக்கத்துல இருந்து உள்ள வர்றது ஒரே ஆள், ரைடர். கேள்வி "எங்கே பிடிக்கிற?" என்பதுதான். விதி ரொம்பத் தெளிவு: கை கால்களையோ உடம்பின் நடுப்பகுதியையோதான் பிடிக்கலாம். கணுக்கால் பிடி ஓகே, தொடைப் பிடி ஓகே, இடுப்புப் பிடி ஓகே. தலைமுடி, கழுத்து கூடாது. வாயைப் பொத்தக் கூடாது. ரெண்டு காலால கத்தரி போட்டு மடக்கக் கூடாது. காயம் படுற மாதிரி முரட்டுத்தனமா விழுந்து அமுக்கக் கூடாது.

வாயைப் பொத்துறதை ஏன் தனியாச் சொல்லியிருக்காங்க? ரைடர் மூச்சு விடாம "கபடி கபடி"ன்னு பாடிட்டே இருக்கணும், பாட்டு நின்னா அவுட். அப்போ வாயைப் பொத்துறவர் ஆளைப் பிடிக்கல, பாட்டைத் திருடுறார். லைன்மேன் ஜெர்சியைப் பிடிக்கிறதும் இதே வகைதான். நேர்வழியில கிடைக்காத ஒண்ணைக் கையால பறிக்கிறது.

தண்டனையையும் கவனிங்க. தப்பான இடத்துல பிடிச்சா, அந்த ரைடர் அவுட் இல்ல. பிடி செல்லாது, அவ்வளவுதான். ஃபுட்பால் தூரத்தையும் வாய்ப்பையும் தூக்கிக் குடுக்குது; கபடி பிடியையே அழிச்சுடுது. ரெண்டுக்கும் தத்துவம் ஒண்ணு: தப்பு பண்ணினவனுக்கு லாபம் மிஞ்சக் கூடாது. இதைத் தாண்டி எல்லை மீறினா கார்டு இருக்கு. பச்சைன்னா எச்சரிக்கை, மஞ்சள்னா 2 நிமிஷம் வெளியே, சிவப்புன்னா அந்த மேட்ச் முழுக்க வெளியே.

ஆனா இந்த லாபக் கணக்கு சரியா வேலை செய்யணும்னா ஒருத்தர் அதைப் பார்த்தாகணும். இங்கதான் நம்ம பிரச்சினை. ரைடர் மேல நாலஞ்சு பேர் குவிஞ்சு விழும்போது உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு பக்கத்துல இருந்து பார்த்தா தெரியாது. அதனாலதான் முறையான மேட்ச்சுக்கு 1 ரெஃப்ரி, 2 அம்பயர். டிவியில வர்ற மேட்ச்சுக்கு ரீப்ளேயும் உண்டு. ஊர்ப் போட்டியிலயும் கம்பெனிக்குள்ள ஆடுற போட்டியிலயும் விசில் பெரும்பாலும் ஒருத்தர் கையிலதான். அவர் கண்ணுக்கு மறைவான பக்கத்துல கழுத்தைப் பிடிச்சா அது நல்ல பிடின்னு போயிடும். அடுத்த ரைடுலயும் அதையே பண்ணுவாங்க. லாபம் இருக்கே!

அதோட விலை என்னன்னு பாருங்க. வேலையால காயம் பட்டா ஈஎஸ்ஐ-ல கிடைக்கிற உதவி சம்பளத்துல 90 சதவீதம். ஞாயித்துக்கிழமை கபடியில முட்டி போனா அது சாதாரணமா வேலைக் காயம் ஆகாது. தகுதி இருந்தா நோய்க்கால உதவின்னு 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு அதிகபட்சம் 91 நாள். ஓவர்டைம் போச்சு. கான்ட்ராக்ட்ல இருக்கிறவருக்கு, திரும்பி வரும்போது அந்த இடம் இருக்குமாங்கிற பயம் வேற.

அதனால டோர்னமென்ட் நடத்துற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பையை ஒரு சைஸ் குறைச்சுக்கோங்க, அந்தக் காசுல இன்னொரு அம்பயரைக் கூப்பிடுங்க. எதிர் எதிர் பக்கக் கோட்டுல ஆளுக்கு ஒருத்தர் நிக்கட்டும். ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு டீமையும் நிக்க வெச்சு எங்கே பிடிக்கலாம்னு ஒரு நிமிஷம் சொல்லிடுங்க. கேப்டன்களே, கழுத்துல கை வெக்கிறது உங்க ஆளா இருந்தாலும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க.

உங்க ஊர் போட்டியில எத்தனை அம்பயர்? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.